மச்சேட்டியோடு எடுத்துச் செல்ல எந்தச் சிறிய கத்தி?

கேள்வி இதுதான்: 18 அங்குல மச்சேட்டி (செடிகொடிகளை வீசி வெட்டும் நீண்ட, மெல்லிய அலகுள்ள கத்தி) ஒன்று கைவசம் இருக்கிறது. 5 மி.மீ. தடிமனுள்ள ‘சர்வைவல்’ கத்தி ஒன்றும் இருக்கிறது. காட்டு நடைக்கும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கும் இந்த இரண்டும் போதுமா, அல்லது மெல்லிய அலகுள்ள சிறிய கத்தி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டுமா? மெல்லிய அலகு வளைந்து முறிந்துவிடாதா?

மெல்லியதை வாங்குங்கள். தடித்த கத்தி மோசமானது என்று சொல்ல வரவில்லை. உங்களிடம் மச்சேட்டி இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். ஒரே ஒரு கத்தியை நம்பிக் காட்டுக்குள் போகிறவருக்கு அந்தக் கத்தியே கிளையை வெட்ட வேண்டும், விறகைப் பிளக்க வேண்டும், தேவைப்பட்டால் நெம்புகோலாகவும் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவர் தடிமனைத் தேடுகிறார். தடிமன் கூடக்கூட அறுக்கும் தன்மை குறைகிறது என்பது அவருக்கும் தெரியும்; வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்கிறார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முரட்டு வேலைகளை எல்லாம் மச்சேட்டி செய்துவிடும். சிறிய கத்தி அறுப்பதற்கும் செதுக்குவதற்கும் மட்டும் இருந்தால் போதும். அந்த ஒரு வேலையைச் செய்வதில் மெல்லிய அலகுக்கு ஈடு கிடையாது.

தடிமன் எப்படிக் குறுக்கே வருகிறது என்பதை எண்களில் பார்த்தால் தெளிவாகிவிடும். கத்தி என்பது ஓர் ஆப்பு. அலகின் அகலம் 25 மி.மீ. என்றும், முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாகத் தேய்த்திருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். முதுகின் தடிமன் 5 மி.மீ. என்றால் அந்த ஆப்பின் கோணம் 11 பாகைக்குச் சற்று மேல். முதுகு 2 மி.மீ. என்றால் ஐந்து பாகைகூட வராது. வாயின் கூர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் இறங்கும்போது, ஏற்கெனவே அறுத்த இரண்டு பக்கங்களையும் தள்ளி விலக்கிக்கொண்டுதான் அலகு முன்னேற வேண்டும். தடித்த அலகில் உங்கள் கைவலிமையில் பெரும்பகுதி இந்த விலக்கலுக்கே போய்விடுகிறது. கேரட்டை நறுக்கினால் ‘டக்’ என்று பிளந்து தெறிக்கிறதே, அது இதனால்தான். அங்கே கத்தி அறுக்கவில்லை, பிளக்கிறது. உண்மையில் பெரும்பாலான தடித்த கத்திகளில் சரிவு முதுகிலிருந்து தொடங்குவதில்லை, பாதி அகலத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே நான் சொன்ன 11 பாகை நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்து, ‘விறகு பிளக்கவாவது தடித்த கத்தி வேண்டாமா’ என்ற கேள்வி வரும். மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு தடியால் அடித்துப் பிளக்கும் முறையை அறிந்திருப்பீர்கள். இதில் தடிமனைவிட நீளமே முக்கியம். கட்டை 7 செ.மீ. விட்டம், கத்தி 10 செ.மீ. நீளம் என்றால், அலகு மரத்துக்குள் இறங்கிய பிறகு அடிப்பதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 3 செ.மீ. மட்டுமே. மச்சேட்டியில் முன்பக்கம் ஒரு சாண் நீளம் வெளியே நிற்கும். அங்கே தட்டினால் போதும், கட்டை வாயைத் திறந்துவிடும். மச்சேட்டி 2 மி.மீ. தடிமனே உடையது என்பதால் கணு உள்ள மரத்தில் சில நேரம் மாட்டிக்கொள்ளும். அப்போது மேலும் மேலும் அடிக்காதீர்கள். பக்கத்தில் கிடக்கும் கிளையில் ஒரு மர ஆப்பைச் சீவி, பிளவுக்குள் செருகித் தட்டுங்கள். அலகு தானாக விடுபடும். ஆக, தடித்த சிறிய கத்தியின் தலையாய பெருமை என்று சொல்லப்படும் இந்த வேலையிலும் மச்சேட்டியே முந்துகிறது.

இரண்டு கத்திகளின் எஃகும் வெவ்வேறு குணம் உடையவை என்பதையும் கவனிக்க வேண்டும். மச்சேட்டி வேண்டுமென்றே சற்று மென்மையாகப் பதப்படுத்தப்படுகிறது. எஃகின் கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் பெரும்பாலும் 50-ஐ ஒட்டி இருக்கும். கல்லில் பட்டால் வாய் மடியும் அல்லது நசுங்கும். துண்டாகப் பொரிந்து விழாது. ஓர் அரத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வீசி வெட்டும் கருவிக்கு இதுவே சரியான குணம். ஆனால் அப்படிப்பட்ட எஃகில் மிக மெல்லிய கோணத்தில் கூர் ஏற்றினால் அது நிலைக்காது. சிறிய கத்திகள் 56 முதல் 60 வரை கடினமாக இருப்பதால் நுண்ணிய கூர் நெடுநேரம் நிற்கும். அதே சமயம் பக்கவாட்டு அடியை அவ்வளவாகத் தாங்காது. ஒவ்வொன்றின் பலவீனமும் அதற்குரிய வேலையில் தலைகாட்டுவதே இல்லை. நடுவாந்தரமான ஒரே கத்தியில் இந்த இரண்டு குணங்களையும் கொண்டுவர முடியாது.

இந்த இணை நம் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. நேபாளத்தின் வளைந்த பெரிய கத்தியான குக்ரியின் உறையைப் பார்த்தால் அதன் பின்புறம் இரண்டு குட்டிக் கருவிகள் செருகப்பட்டிருக்கும்: கர்தா என்ற சிறிய கத்தி, சக்மக் என்ற கூரில்லாத எஃகுத் துண்டு. பின்னது குக்ரியின் வாயை நீவிச் சரிசெய்யவும் தீப்பொறி எழுப்பவும் உதவும். வட ஐரோப்பாவின் சாமி என்ற பழங்குடி மக்கள் கிளை வெட்ட லியூக்கு என்ற பெரிய கத்தியையும் நுண்வேலைக்குச் சிறிய கத்தியையும் சேர்த்தே இடுப்பில் கட்டினார்கள். நெஸ்மக் என்ற புனைபெயரில் காட்டு வாழ்வைப் பற்றி எழுதிய அமெரிக்கரான ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821–1890) இருபுறமும் வாயுள்ள சிறு கைக்கோடரி, மெல்லிய அலகுள்ள உறைக்கத்தி, மடக்குக் கத்தி என்று மூன்றை வைத்திருந்தார். அன்று கடைகளில் விற்ற தடித்த வேட்டைக் கத்திகள் அவருக்கு அறவே பிடிக்காது. மச்சேட்டி இல்லாத நாட்டில் கோடரி அதன் இடத்தில் இருந்தது. சிறிய கத்தி மட்டும் அங்கேயும் மெல்லியதாகவே இருந்தது.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். அலகின் நீளம் 8 முதல் 10 செ.மீ., தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. இந்த வரம்புக்குள் பாருங்கள். கைப்பிடி மட்டும் குட்டையாக இருக்கக் கூடாது. நான்கு விரல்களும் முழுதாகப் பதிந்து பிடிக்க 10 செ.மீ. வேண்டும். அலகு சிறியதாக இருப்பதால் கைப்பிடியும் சிறியதாக இருக்கலாம் என்று செய்யப்பட்ட கத்திகள் பார்க்க அழகாக இருக்கும். அரை மணி நேரம் மரம் சீவினால் உள்ளங்கை வலிக்கத் தொடங்கிவிடும்.

என் முதல் பரிந்துரை ஸ்வீடனின் மோரா ஊரில் செய்யப்படும் உறைக்கத்திகள். அவற்றில் கம்பானியன் என்ற வகை ஏறத்தாழ 10 செ.மீ. அலகும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ளது. அதே பெயரில் ‘ஹெவி டியூட்டி’ என்று 3.2 மி.மீ. தடிமனில் ஒன்று உண்டு. மச்சேட்டி வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை. இந்தக் கத்திகளில் இரண்டு பக்கமும் ஒரே ஓர் அகன்ற சரிவுதான். வாயருகே இரண்டாவது சரிவு இருந்தாலும் மிக நுண்ணியதாகவே இருக்கும். மரம் சீவும்போது அந்தச் சரிவு மரத்தின்மீது படுத்துக்கொண்டு கையை வழிநடத்தும். தீட்டும்போதும் அதே சரிவைக் கல்லின்மீது படிய வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். கத்தி தீட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு இது பெரிய வரம்.

மடக்குக் கத்தியை விரும்பினால் பிரான்ஸின் ஒபினெல் 8-ஆம் எண். அலகு 8.5 செ.மீ., தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு, எடை 50 கிராமைத் தொடாது. அறுப்பதில் இதை மிஞ்சும் மடக்குக் கத்திகள் வெகு சில. குறை ஒன்று உண்டு: மரக்கைப்பிடி மழையில் ஊறிப் பருத்துவிட்டால் கத்தியைத் திறப்பது கடினமாகிவிடும். ஈரக்காடுகளுக்குப் போகிறவர் என்றால் உறைக்கத்தியே மேல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: காய் சீவுவதற்கான மெல்லிய சமையலறைக் கத்தி ஒன்றுக்கு உறுதியான உறை செய்துகொண்டால், சிறப்பு முத்திரைகளோடு வரும் பல கத்திகளைவிட நன்றாக அறுக்கும். கைப்பிடி வழுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்று பலர் நீண்ட நேரம் யோசிக்கிறார்கள். மச்சேட்டிகள் பெரும்பாலும் கார்பன் எஃகுதான்; அதை எப்படியும் துடைத்து எண்ணெய் பூசப் போகிறீர்கள். சிறிய கத்தி எலுமிச்சை, வெங்காயம், மீன் என்று எல்லாவற்றையும் தொடும் என்பதால், அது துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் ஒரு கவலை குறையும். கடற்கரைப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வேலைப் பங்கீட்டைக் கூடார முளை ஒன்றில் பார்க்கலாம். பெருவிரல் பருமனுள்ள கிளையை மச்சேட்டியால் ஒரே வீச்சில் வெட்டி எடுக்கிறீர்கள். முழ நீளத்துக்கு நறுக்கியதும் அதை ஒரு கட்டையின்மீது சாய்வாக நிறுத்தி, சுற்றிலும் நான்கு வெட்டுகள் போட்டால் கீழ்முனை கூராகிவிடும். இதுவரை சிறிய கத்தி உறையில்தான் இருக்கிறது. இனிக் கயிறு வழுக்காமல் நிற்க மேலே ஒரு காடி (வெட்டுப்பள்ளம்) வேண்டும். மச்சேட்டியை உறையில் போட்டுவிட்டுச் சிறிய கத்தியை எடுங்கள். தலையிலிருந்து மூன்று விரல் அளவு கீழே, அலகைக் குறுக்காக வைத்து மெல்ல உருட்டி ஐந்து மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. பிறகு கீழ்ப்பக்கமிருந்து அந்த வெட்டை நோக்கிச் சரிவாகச் சீவுங்கள். கத்தியின் முதுகை இடதுகைப் பெருவிரலால் தள்ளினால் ஒவ்வொரு சீவலும் காகிதம்போல் சுருண்டு, குறுக்கு வெட்டு வந்ததும் தானாக உதிர்ந்துவிடும். மெல்லிய அலகு இந்த இடத்தில் கைக்கு அடங்கி வேலை செய்யும். இதையே 5 மி.மீ. கத்தியால் செய்தால் சீவல் எளிதில் சுருளாது; மரம் நாரோடு சேர்ந்து பிய்ந்து, காடியின் உதடு உடைந்துவிடக்கூடும்.

அந்தப் பெருவிரல் தள்ளலில் ஒரு சிக்கல். 2 மி.மீ. முதுகு, விளிம்புகள் கூர்மையாக இருந்தால், விரலை அழுத்தி வருத்தும். மெல்லிய உப்புத்தாளால் முதுகின் விளிம்புகளைக் கைப்பிடியருகே மட்டும் மழுக்கிவிடுங்கள். முன்பாதியை அப்படியே விட்டுவைத்தால் தீப்பொறிக் கோலை (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் கோல்) சுரண்ட அது பயன்படும். மச்சேட்டியின் முதுகும் அந்த வேலைக்கு ஆகும். ஆனால் பெரும்பாலானவற்றில் பூச்சு இருப்பதால் ஓர் அங்குல நீளத்துக்கு அதைச் சுரண்டி எடுத்து, அரத்தால் விளிம்பை நேராக்க வேண்டியிருக்கும்.

மச்சேட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது எடையால் வெட்டுவதைவிட வேகத்தால் வெட்டும் கருவி. 18 அங்குல மச்சேட்டியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. வீச்சின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஆகவே முரட்டுப் பலத்தோடு அழுத்திப் பிடித்து வீசுவது வீண். பெருவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் உறுதியாகப் பிடித்து, மற்ற மூன்று விரல்களைச் சற்றுத் தளர்த்தி, வெட்டுப் படும் கணத்தில் இறுக்குங்கள். பசுமையான கொடிக்கும் இளந்தண்டுக்கும் இந்த மெல்லிய அலகு அற்புதமாக வேலை செய்யும். காய்ந்த கடின மரத்தில் அலகு அதிரும், கை எரியும். அங்கே மச்சேட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து, ஆறு செ.மீ.க்கு மேல் பருத்த காய்ந்த கட்டைக்கு மடக்கு ரம்பம் ஒன்றை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுத்த துண்டுகளைப் பிளக்க மச்சேட்டி வரும். கடின மரமே அதிகமுள்ள இடம் என்றால் மலாய் நாட்டுப் பராங் போன்ற, குட்டையான, முதுகு தடித்த வெட்டுக்கத்தி பொருத்தமாக இருக்கும். அப்போதும் சிறிய கத்தியைப் பற்றிய என் கருத்து மாறாது.

பாதுகாப்பில் முதன்மையான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு கத்திதான் வெளியே இருக்க வேண்டும். இரண்டு கத்தி வைத்திருப்பவர்களுக்கென்றே ஏற்படும் ஆபத்து இது. மச்சேட்டியைத் தரையில் போட்டுவிட்டுச் சிறிய கத்தியால் கயிறு அறுக்க உட்காருவார்கள்; எழும்போது கால் அதன்மேல் படும். உறையில் போட்ட பிறகே அடுத்ததை எடுங்கள். வீசும்போது வெட்டுத் தவறினாலோ கிளையைத் தாண்டி வந்தாலோ அலகு எங்கே போய் நிற்கும் என்று முன்னதாகவே பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் முழங்கால் இருந்தால் நின்ற நிலையை மாற்றுங்கள். கை நீளமும் அலகு நீளமும் சேர்ந்த தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. செடிகளைச் சாய்வாக வெட்டி முழங்கால் உயரத்தில் ஈட்டிமுனைகளாக விட்டுச் செல்லாதீர்கள். பின்னால் வருபவர் இடறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தரையை ஒட்டி வெட்டுங்கள். மணிக்கட்டில் சுற்றும் கயிற்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. கை நழுவிய மச்சேட்டி விலகிப் போய் விழட்டும்; கயிற்றில் தொங்கிக்கொண்டு உங்கள்மேலேயே திரும்பி வர வேண்டாம்.

சிறிய கத்தியை மச்சேட்டியின் உறையிலேயே இணைத்து வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். குக்ரியில் அப்படித்தானே என்று கேட்கலாம். குக்ரி இடுப்பிலேயே இருப்பது. மச்சேட்டியை நாம் பெரும்பாலும் முதுகுப் பையில் கட்டுகிறோம்; பையை இறக்கி வைத்துவிட்டு ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனால் இரண்டு கத்திகளும் பையோடு நின்றுவிடும். சிறிய கத்தி உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், இடுப்புப் பட்டையிலோ கால்சட்டைப் பையிலோ. காடு வெட்ட அனுமதியில்லாத வனப்பகுதிகளிலும், நீண்ட அலகு எடுத்துச் செல்லத் தடையுள்ள இடங்களிலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீட்டுவதற்கு எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு: பற்கள் ஒரே திசையில் மட்டும் ஓடும் ஒற்றை வரி அரம் ஒன்று, இருபக்கச் சிறு சாணைக்கல் ஒன்று. புதிய மச்சேட்டி பெரும்பாலும் சரியான கூர் இல்லாமல்தான் வரும். அதன் முதுகை ஒரு கட்டையின் பிளவில் இறுக்கி நிறுத்தி, பக்கத்துக்கு 20 பாகை அளவில் அரத்தை ஓட்டுங்கள். அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அறுக்கும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பற்கள் மழுங்கும். மறுபக்க விளிம்பில் விரலை மெல்லக் குறுக்காக வருடினால் பிசிறு (தேய்த்ததால் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு) தட்டுப்படும். வாயின் முழு நீளத்துக்கும் அது வந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கைப்பிடியை ஒட்டிய நான்கு விரல் நீளத்தை மட்டும் கல்லாலும் கூர்மையாக்கி வைத்தால், சிறிய கத்தி தொலைந்துபோன நாளில் அந்தப் பகுதி ஓரளவு கைகொடுக்கும். சிறிய கத்திக்கு அரம் ஆகாது. கல்லில் சரிவு படிய ஏழெட்டு முறை தேய்த்து, பிறகு தோல்பட்டையில் வாயை பின்னோக்கி இழுத்து நீவினால் போதும். மெல்லிய அலகில் அகற்ற வேண்டிய எஃகும் குறைவு என்பதால் தீட்டும் வேலையும் சீக்கிரம் முடியும்.

வளைந்து முறிந்துவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். அறுக்கும் திசையில் எவ்வளவு அழுத்தினாலும் 2 மி.மீ. அலகுக்கு ஒன்றும் ஆகாது. பக்கவாட்டில் நெம்பினால்தான் ஆபத்து. டப்பா மூடியைத் திறப்பது, பாறை இடுக்கில் செருகுவது, மரத்தில் குத்தித் திருகுவது ஆகியவற்றைச் செய்யாதீர்கள். நெம்ப வேண்டுமானால் மச்சேட்டியால் ஒரு கழியை வெட்டி அதைக்கொண்டு நெம்புங்கள்.

கைவசமுள்ள 5 மி.மீ. கத்தியை விற்றுவிட வேண்டாம். மச்சேட்டி எடுத்துச் செல்ல முடியாத பயணங்களில் அதுதான் உங்கள் ஒற்றைக் கத்தி. அதற்கு முன் அதன் வாயருகே உள்ள சரிவைக் கரடுமுரடான கல்லில் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் தேய்த்து, வாய்க்குப் பின்னால் இருக்கும் தடிமனைக் குறைத்துவிடுங்கள். இப்போது அறுப்பதைவிட நன்றாக அறுக்கும். மச்சேட்டி கூட வரும் நாட்களில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு மெல்லியதை எடுத்துக்கொள்ளுங்கள்.